இருபத்தைந்து மில்லி

ஹல் நகரத்து ரக்பி கிளப் மாடியில்
இன்றைக்கு எனக்கு இழவு வேலை.
போன சனிக்கிழமை கல்யாணம்,
அதற்கு முந்தி யாரோ ஒரு பல் டாக்டரின் விவாகரத்துக் கொண்டாட்டம்.
பலூன்தான் மாறும்.
மடக்கு மேசையும் ஐஸ் வாளியும் அதேதான்.

மேலாளன் பெயர் கலம்.
தமிழில் அது பாத்திரம் என்று
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.
ஒவ்வொரு முறையும் ஒப்பிப்பான்:
இருபத்தைந்து மில்லி, அளவுக் குவளையில்தான்,
கண்ணால் அளக்காதே.
இருபத்தைந்து வயதுக்குக் கீழே தெரிந்தால் அட்டை கேள்.
தள்ளாடுகிறவருக்கு ஊற்றாதே,
அபராதம் ஊற்றிய கைக்குத்தான்.
மறுத்தால் நீல நோட்டில் எழுது:
நேரம், அடையாளம், காரணம், கையெழுத்து.

மாரீன் இறந்து மூன்று வாரமாம்.
இங்கே பிணமும் வரிசையில் நிற்கும்.
எனக்கு நேர் எதிரே அவள் படத்தை வைத்துவிட்டார்கள்:
பிரிட்லிங்டன் கடற்கரை, கோடு போட்ட கவுன்,
காற்று தூக்கிய முடியை
ஒரு கையால் அமுக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.
பத்தொன்பது இருக்கும்.

டெரன்ஸ் நான்கு முறை நடந்து வந்தார்.
ஐந்தாம் முறை
நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து வந்தார்.
விஸ்கி என்ற சொல்லில் பாதிதான் வெளியே வந்தது.
பயிற்சியில் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன்:
மன்னிக்கவும், இப்போதைக்கு உங்களுக்குத் தர இயலாது,
தண்ணீர் கொண்டுவரட்டுமா?
பெண்டாட்டியை எரித்துவிட்டு வந்தவரிடம்
இப்போதைக்கு என்கிறேன்.

அவருக்குக் கோபமில்லை. மகனுக்கு வந்தது.
இந்த பாருக்குக் காசு கட்டியது யார் தெரியுமா?
தெரியும். எழுநூற்று ஐம்பது பவுண்டு.
ரசீதின் நகல் என் ஏப்ரன் பையில் இருந்தது.
நீல நோட்டை எடுத்தேன்.
எட்டு நாற்பது. வெள்ளை முடி, கறுப்பு டை.
காரணம்: போதை.

சரி, எனக்கு வேண்டாம், என்றார் டெரன்ஸ்.
அவளுக்கு ஒன்று ஊற்று.
ஜின். எலுமிச்சை போடாதே, அவளுக்கு ஆகாது.

நான் படத்தைப் பார்த்தேன்.
இவர் இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிறாரே,
அட்டை வேண்டும், என்றேன்.
எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்ததோ.
மகன் இழுத்த மூச்சை விடவில்லை.
சாண்ட்விச் தட்டருகே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெரன்ஸ் பர்ஸைத் திறந்தார்.
மாலை முழுதும் நடுங்கிய விரல்கள்
இப்போது நடுங்கவில்லை.
ஓர் அட்டையை எடுத்து ஈரத் துணிமேல் வைத்தார்.
முதியோர் பஸ் பாஸ்.
கோணிய கண்ணாடியோடு மாரீன்.
இன்னும் இரண்டு வருடம் செல்லும்.

பஸ் பாஸ் எங்கள் பட்டியலில் கிடையாது.
பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம்,
ஹோலோகிராம் பதித்த வயது அட்டை, அவ்வளவுதான்.
ஆனால் படத்தையும் ஆளையும் ஒப்பிட வேண்டும்
என்பதும் விதி. ஒப்பிட்டேன்.
கடற்கரையிலும் அட்டையிலும்
முன்பல் நடுவே அதே சந்து.

அளவுக் குவளையில் இருபத்தைந்து.
டானிக். இரண்டு ஐஸ்.
நானே கொண்டுபோய்ப் படத்தின் முன் வைத்தேன்.
எங்கள் ஊரில் சுருட்டும் சாராயமும் கேட்கிற சாமி உண்டு,
அதன் பெயரைப் போட
பில் மெஷினில் பொத்தான் இல்லை.
விருந்தினர், ஒன்று, என்று அடித்தேன்.

டெரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.
நான் அந்தக் குவளையைக் கண்காணித்தேன்.
நடுவில் பீப்பாய் மாற்றக் கீழே போனது
நான்கு நிமிடம், அதிகம் போனால் ஐந்து.

பதினொன்றுக்கு மணி அடித்து,
கோட்டுகள் எல்லாம் டாக்சிகளில் ஏறியபின்
மேசைகளைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.
ஐஸ் கரைந்திருந்தது.
ஒரு வாய் குறைந்திருந்தது.

வீணானதை எழுதிவிட்டுப் போ, எத்தனை மில்லி?
கீழேயிருந்து கலம் கத்தினான்.
விளக்குக்கு நேரே குவளையைத் தூக்கி
கண்ணால் அளந்தேன்.